பாறை மேல் நிற்பவருக்கு யார் சொல்வது?

முட்டம் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே மாலை ஐந்து மணிக்கு மேல் போய்ப் பாருங்கள். பாறைக்கு ஒருவராகத் தூண்டிலும் கையுமாக நிற்பார்கள். சிலரிடம் சக்கரம் வைத்த புதுக் கோல் இருக்கும். பலரிடம் அது கிடையாது. காலி பாட்டிலில் சுற்றிய தங்கூசி நூல், ஓர் ஈயக்குண்டு, ஒரு முள், இரைக்கு நாலு துண்டு சாளை. அவ்வளவுதான் முதலீடு. கிடைத்தால் இராத்திரிக் குழம்புக்கு ஆயிற்று. கிடைக்காவிட்டால் காற்று வாங்கியதாகக் கணக்கு.

பார்க்க அழகான காட்சி. ஆனால் அவர்கள் நிற்கும் அந்தப் பாறைகள் ஆளைக் காவு வாங்கக் கூடியவை. அதைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஏறக்குறைய 70 கிலோமீட்டர் நீளம். மேற்கே நீரோடியில் தொடங்கி, கிழக்கே ஆரோக்கியபுரத்தில் முடிகிறது. இதற்குள் நாற்பதுக்கு மேற்பட்ட மீனவ ஊர்கள் இருக்கின்றன. சென்னை மெரினாவை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்தக் கரை புதிதாகத் தோன்றும். மணல் கொஞ்ச தூரம் வரும். பிறகு திடீரென்று பாறை வரும். முட்டத்தில் செம்மண் மேடு கடல் வரை வந்து, அதன் அடியில் யானை யானையாகக் கற்கள் கிடக்கின்றன. பக்கத்தில் கடியப்பட்டணம். அங்கே வள்ளியாறு கடலில் கலக்கிறது. இன்னும் மேற்கே போனால் குளச்சல். டச்சுக்காரர்களை 1741-ல் மார்த்தாண்ட வர்மா முறியடித்த ஊர். அதைத் தாண்டிக் குறும்பனை, மிடாலம், இனயம். கிழக்கே கன்னியாகுமரி. அங்கே கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஒன்றில் விவேகானந்தர் மண்டபமும், இன்னொன்றில் 133 அடி வள்ளுவர் சிலையும் நிற்பது எல்லோருக்கும் தெரியும்.

கருங்கல்லைக் கொட்டிக் கட்டிய பாறைகளும் உண்டு. கடல் அரிப்பைத் தடுக்கக் கரையிலிருந்து கடலுக்குள் கல்லடுக்குப் போடுகிறார்கள். அதன் நுனி வளைந்திருக்கும். ‘தூண்டில் வளைவு’ என்று பெயர். தூண்டில் முள்ளைப் போல வளைந்திருப்பதால் இந்தப் பெயர் வந்தது. தூண்டில் போடுகிறவர்கள் அந்த நுனியைத் தேடிப் போய் உட்கார்வதைப் பார்த்தால், அவர்களுக்காகவே வைத்த பெயரோ என்று தோன்றும்!

பாறையில் மீன் ஏன் கிடைக்கிறது?

மீனுக்கும் வயிறு இருக்கிறது. மணல் கரையில் அதற்குத் தின்னக் கிடைப்பது குறைவு. பாறையில் பாசி வளர்கிறது. சிப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. நண்டு ஓடுகிறது. அலை ஓங்கி அடிக்கும்போது இவற்றில் கொஞ்சம் பெயர்ந்து தண்ணீரில் விழும். அதைத் தின்னச் சிறு மீன் வரும். சிறு மீனைத் தின்னப் பெரிய மீன் வரும். அலை உடைந்து வெள்ளை நுரையாகக் கொதிக்கும் இடத்தில், பெரிய மீன் வருவது சிறு மீனின் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே பெரிய மீன் அங்கேதான் வேட்டையாடும்.

பாறை என்றே ஒரு மீனுக்குப் பெயர். கன்னியாகுமரி சந்தையில் நல்ல விலைக்குப் போகும். அது நுரை ஓரத்தில் சுற்றும். கலவா மீன் கல் இடுக்கில் பதுங்கியிருந்து, இரை பக்கத்தில் வந்தவுடன் பிடித்துக்கொண்டு பொந்துக்குள் ஓடிவிடும். சீலா கூட்டமாக வந்து, சமயத்தில் நூலையே அறுத்துக்கொண்டு போகும். விடியற்காலையும் சூரியன் விழும் நேரமும் இவற்றின் சாப்பாட்டு வேளை.

இதில் உள்ள சங்கடத்தைப் பாருங்கள். அலை ஓங்கி அடிக்கிற இடத்தில் மீன் இருக்கிறது. ஆகவே தூண்டில்காரரும் அங்கேதான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. வெளிச்சம் மங்கிய நேரத்தில் மீன் கடிக்கிறது. ஆகவே அவரும் அந்த நேரத்தில்தான் நிற்கிறார். நல்ல இடம் எது என்று கேட்டால், அபாயமான இடத்தைத்தான் காட்ட வேண்டியிருக்கும். இந்தத் தொழிலிலோ பொழுதுபோக்கிலோ இதை மாற்ற முடியாது.

இன்னொரு சிக்கல், முள் மாட்டிக்கொள்வது. பாறைக் கரையில் வீசுகிற தூண்டிலில் பாதி கல் இடுக்கில்தான் போய் மாட்டும். மேலிருந்து இழுத்தால் வராது. உடனே ஆள் இரண்டு படி கீழே இறங்குவார். ஈரப் பாறையில் குனிந்து நின்று நூலை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். கண் நூலில் இருக்கும். கடல் பக்கம் கவனம் இருக்காது. பெரிய மீன் மாட்டினாலும் இதே கதைதான். மீனைத் தூக்கக் கீழே இறங்குகிற அந்த ஒரு நிமிஷம்தான் ஆளைக் கொண்டுபோகிறது. ஒரு முள்ளும் ஓர் ஈயக்குண்டும் என்ன விலை? பத்து இருபது ரூபாய். நூலை அறுத்து எறிந்துவிட்டு வேறு முள் கட்டுவதில் என்ன நஷ்டம்?

கள்ளன் போல வரும் கடல்

காற்று வீசுகிறது, வானம் கறுத்திருக்கிறது, கடல் பொங்குகிறது என்றால் யாருக்கும் சொல்ல வேண்டாம். சின்னக் குழந்தைகூட ஓடி வந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தக் கரையில் கடல் அப்படித்தான் இருக்கும். அப்போது பாறையில் ஆள் குறைவு.

பயப்பட வேண்டியது வேறொன்று. அதற்குக் கேரளத்து மீனவர்கள் வைத்த பெயர் ‘கள்ளக்கடல்’. கள்ளன் வருவதுபோல் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த மாவட்டம் அல்லவா? இங்குள்ளவர்களுக்கும் அந்தச் சொல் உடனே புரியும். 2012-ல் யுனெஸ்கோ இந்தப் பெயரை அப்படியே ஏற்றுக்கொண்டது. பள்ளிக்கூடம் போகாத மீனவர் வைத்த பெயரை உலகத்து விஞ்ஞானிகள் எழுதுகிறார்கள்!

கள்ளக்கடல் எப்படி உண்டாகிறது? உலகப் படத்தில் இந்தியாவுக்குக் கீழே பாருங்கள். கன்னியாகுமரிக்குத் தெற்கே ஓரிரு சின்னஞ்சிறு தீவுகளைத் தவிர, அண்டார்டிகா என்னும் பனிக் கண்டம் வரைக்கும் வெறும் தண்ணீர்தான். அந்தத் தென் கோடிக் கடலில் அடிக்கடி பெரும் புயல் வீசும். அங்கே எழும்பும் அலைகள் அங்கேயே அடங்கிவிடுவதில்லை. குளத்தில் கல் எறிந்தால் வட்டம் கரை வரைக்கும் வருகிறதே, அதுபோல நகர்ந்து வந்துகொண்டே இருக்கும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் 18 விநாடி இடைவெளி இருந்தால், அந்த அலைக் கூட்டம் மணிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும். 7,000 கிலோமீட்டர் தாண்டி வர ஆறு நாள் ஆகும்.

ஆழ்கடலில் இந்த அலையைக் கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். தொட்டில் ஆட்டுவதுபோல் தண்ணீர் மெதுவாக ஏறி இறங்கும். கரைக்குப் பக்கத்தில் ஆழம் குறைந்தவுடன்தான் அது எழுந்து நிற்கும். பாறையில் மோதினால் பல அடி உயரம் ஏறும். இழுத்துக்கொண்டு திரும்பும்.

ஆகவே நம் ஊரில் காற்றே இல்லாத நாளில், வானம் பளிச்சென்று இருக்கும்போது, ஆறு நாளைக்கு முன் எங்கோ அடித்த புயல் வந்து முட்டத்துப் பாறையில் மோதுகிறது. அதுவும் தொடர்ந்து மோதுவதில்லை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம் சின்ன அலைகள் வரும். பிறகு மூன்று நான்கு பெரிய அலைகள் சேர்ந்து வரும். மறுபடியும் சாது. “கடல் குளம் மாதிரிக் கிடக்குதே” என்று சொல்லிக்கொண்டு பாறையின் நுனிக்குப் போகிறவர், அந்தச் சாதுவான இடைவெளியில்தான் போகிறார்.

இன்னும் ஒன்று. கள்ளக்கடல் அதிகம் வருவது ஏப்ரல், மே மாதங்களில். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. குடும்பம் குடும்பமாகக் கன்னியாகுமரிக்கு வருவதும் அந்த மாதங்களில்தான்.

2024 மே 6-ஆம் தேதி நடந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு கல்யாணத்துக்காக வந்த மருத்துவ மாணவ மாணவிகளில் ஐந்து பேர், கணபதிபுரத்தில் லெமூர் கடற்கரை என்று சொல்லப்படும் இடத்தில் அலைக்குப் பலியானார்கள். அவர்கள் தூண்டில் போட வந்தவர்கள் அல்ல. கடலைப் பார்க்க வந்த பிள்ளைகள். அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருந்தது. அதுதான் மனத்தை அறுக்கிறது.

எச்சரிக்கை எங்கே நின்றுவிடுகிறது?

இந்த எச்சரிக்கையைக் கொடுப்பது ஹைதராபாதில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம். மத்திய அரசாங்கத்தின் நிறுவனம். 2020 முதல் கள்ளக்கடலுக்கென்றே தனி முன்னறிவிப்பு முறை வைத்திருக்கிறது. புயல் வெகு தொலைவில் இருப்பதால், அலை வந்து சேர்வதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே சொல்ல முடிகிறது. எந்த மாவட்டத்துக் கரையில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்றுகூடச் சொல்கிறார்கள். இதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். நம் தாத்தா காலத்தில் இது கனவு.

ஆனால் சேதி எங்கே போகிறது? மாவட்ட அதிகாரிக்குப் போகிறது. மீன்வளத் துறைக்குப் போகிறது. பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் வருகிறது. படகுக்காரர்களுக்குப் போகிறது. மீனவ ஊர்களில் கோவில் ஒலிபெருக்கியிலும் சொல்வார்கள். பாறையில் தூண்டிலோடு நிற்கிறாரே, அவருக்கு யார் சொல்வது? அவருக்குப் படகு இல்லை. எந்தச் சங்கத்திலும் பெயர் இல்லை. நாகர்கோவிலிலிருந்தோ மார்த்தாண்டத்திலிருந்தோ மோட்டார் சைக்கிளில் வந்தவராக இருக்கலாம். மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்த குடும்பமாக இருக்கலாம். அவர்கள் காதில் ஊர்க் கோவில் ஒலிபெருக்கி விழுந்திருக்காது.

2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் வந்தபோது இந்த மாவட்டம் பட்டபாடு தெரியும். ஏற்கெனவே ஆழ்கடலுக்குப் போய்விட்டவர்களுக்குச் சேதி எட்டவில்லை. கரையில் தாய்மார்கள் நாள் கணக்கில் காத்திருந்தார்கள். நடுக்கடலுக்குச் சேதி சொல்வது கடினம்தான், ஒப்புக்கொள்வோம். பாறை நடுக்கடலில் இல்லையே? ரோட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது!

“அபாயமான பகுதி. இறங்காதே” என்று பலகை வைத்தால் போதும் என்பார்கள் சிலர். போதாது. அந்தப் பலகை வருஷம் 365 நாளும் அதையே சொல்லிக்கொண்டிருக்கும். 300 நாள் அதைத் தாண்டிப் போனவன் பத்திரமாகத் திரும்பி வந்திருப்பான். 301-ஆம் நாள் அதை ஏன் நம்புவான்? அவனுக்குத் தெரிய வேண்டியது இன்றைக்குக் கடல் எப்படி என்பதுதான். ஆகவே கள்ளக்கடல் எச்சரிக்கை உள்ள நாளில் மட்டும் ஏற்றுகிற சிவப்புக் கொடி வேண்டும். மற்ற நாளில் கம்பம் வெறுமையாக இருக்கட்டும். எழுத்துத் தெரியாதவர்களுக்கும், தமிழ் தெரியாமல் கேரளத்திலிருந்தும் வடக்கேயிருந்தும் வருகிறவர்களுக்கும் கொடி புரியும்.

“பாறையில் தூண்டில் போடுவதையே தடை செய்துவிட்டால் என்ன?” என்று கேட்பவர்களும் உண்டு. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் இந்தக் குரல் எழுகிறது. நமக்கு இதில் உடன்பாடு இல்லை. வயதாகிக் கடலுக்குப் போக முடியாத பெரியவர்கள் பாறையிலிருந்து தூண்டில் போட்டுத்தான் வீட்டுக்கு மீன் கொண்டுபோகிறார்கள். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத இரண்டு மாதத் தடைக் காலத்தில் மீன் விலை ஏறும்போது, ஏழை வீட்டுக் குழம்புக்கு இந்தத் தூண்டில்தான் வழி. தடை போட்டால் அவர்கள் நிறுத்தவா போகிறார்கள்? போலீஸ் கண்ணில் படாத, இன்னும் மோசமான பாறைக்கு, இருட்டின பிறகு போவார்கள். விழுந்தால் பார்க்கக்கூட ஆள் இருக்காது.

சிட்னிக்காரர்கள் என்ன செய்தார்கள்?

இந்தத் துன்பம் நமக்கு மட்டும் உரியதல்ல. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தைச் சுற்றியும் இப்படிப்பட்ட பாறைக் கரைதான். அங்கேயும் வருஷந்தோறும் தூண்டில் போடப் போய் உயிர் விட்டவர்கள் உண்டு. அவர்களில் பலர் வெளிநாடுகளிலிருந்து போய்க் குடியேறியவர்கள். அந்தக் கடலின் குணம் தெரியாதவர்கள்.

அங்கே தூண்டில்காரர்களின் சங்கமே முன்வந்து ஒரு காரியம் செய்தது. ஆள் விழக்கூடிய பாறைகளில் கம்பம் நட்டு, அதில் மிதவை வளையத்தை மாட்டி வைத்தார்கள். ‘ஏஞ்சல் ரிங்’ என்று பெயர். விழுந்தவரை நோக்கி அதை எறிய வேண்டும். எறிகிறவர் தண்ணீரில் இறங்க வேண்டியதில்லை. இதனால் பிழைத்தவர்கள் பலர். பிறகு 2016-ல் நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசாங்கம் ஒரு சட்டம் செய்தது. குறிப்பிட்ட பகுதிகளில் பாறையிலிருந்து மீன் பிடிப்பவர் மிதவைச் சட்டை அணிந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் 100 டாலர் அபராதம். சிட்னியில் ராண்ட்விக் என்னும் பகுதியில் முதலில் அமல் செய்தார்கள். தொடக்கத்தில் அபராதம் போடாமல் எச்சரித்து மட்டும் விட்டார்கள். ஜனங்கள் பழக வேண்டும் அல்லவா? யாரையும் பாறையிலிருந்து விரட்டவில்லை.

ஜப்பானிலும் பாறைத் தூண்டில் பெரிய பொழுதுபோக்கு. அங்கே மிதவைச் சட்டையும், வழுக்காமலிருக்க அடியில் ஆணி பதித்த காலணியும் போட்டுக்கொண்டு போகிறார்கள். நம் ஊரில் ரப்பர்ச் செருப்போடு பாசிப் பாறையில் ஏறுகிறோம்.

வாசகர்கள் செய்யக் கூடியது

பாறைக்குப் போனவுடன் நூலை அவிழ்க்காதீர்கள். உயரத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் கடலைப் பாருங்கள். எந்தப் பாறை வரைக்கும் நனைகிறது என்று தெரியும். காய்ந்த பாறை என்றால் அலை அண்மையில் அங்கே வரவில்லை. ஈரமாக இருந்தால் வந்திருக்கிறது, இன்னும் வரும். கறுப்பாகவோ பச்சையாகவோ பாசி படிந்திருந்தால் அங்கே அலை தினமும் வருகிறது என்று அர்த்தம். அங்கே நிற்கவே வேண்டாம்.

அலைகளை எண்ணிப் பாருங்கள். ஓர் அலை உடைந்ததிலிருந்து அடுத்தது உடையும் வரை ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ண வேண்டும். காற்று இல்லாத நாளில் எண்ணிக்கை பதினைந்தைத் தாண்டுகிறதா? தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

தனியாகப் போகக் கூடாது. கடலுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது. இந்த இரண்டாவது, இந்தக் காலத்தில் செல்போனில் படம் எடுத்துக்கொள்பவர்களுக்குத்தான் முக்கியம். கடல் பின்னால் தெரிய வேண்டும் என்று நின்றால், கடலுக்கு முதுகு காட்டித்தானே நிற்க வேண்டும்?

தவறி விழுந்துவிட்டால் பாறையைப் பிடித்து ஏறப் பார்ப்பது இயற்கை. அதுதான் கொல்கிறது. அடுத்த அலை தூக்கிக் கல்லில் அடிக்கும். பாறையை விட்டு விலகி, அலை உடையாத இடத்துக்கு நீந்திப் போய் மிதந்துகொண்டு, கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். கரையில் இருப்பவர் பின்னால் குதிக்கக் கூடாது. குதித்தால் வீட்டுக்கு இரண்டு இழவு. மூடி இறுக்கிய காலிக் கேன், தெர்மோகோல் பெட்டி என்று மிதக்கிற எதையாவது எறியுங்கள். உடனே 1093-க்குக் கடலோரப் பாதுகாப்புக் குழுமப் போலீஸைக் கூப்பிடுங்கள். இந்தியக் கடலோரக் காவல் படைக்கு 1554. இரண்டும் மறந்துபோனால் 112.

அரசாங்கத்திடமும் ஊராட்சிகளிடமும் நாம் கேட்பது அதிகம் இல்லை. முட்டம், கடியப்பட்டணம், குளச்சல், இனயம், கன்னியாகுமரி ஆகிய ஊர்களில் ஆட்கள் நிற்கும் பாறைகள் எவை என்று உள்ளூர்ப் பிள்ளைகளைக் கேட்டால் ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பாறைகளிலும் தூண்டில் வளைவுகளின் நுனிகளிலும் மிதவை வளையம் மாட்ட வேண்டும். கொடிக் கம்பம் நட வேண்டும். கொடியை ஏற்றி இறக்கும் வேலையை, ஊருக்கு ஒருவராகக் கடல் தெரிந்த பெரியவரிடம் மாதச் சம்பளத்துக்கு ஒப்படைக்க வேண்டும். எச்சரிக்கை வந்தவுடன் அவருடைய போனுக்கு நேராகச் சேதி போக வேண்டும். எச்சரிக்கை நாளில் பாறைக்கு வருகிறவர்களை “மக்களே, இன்னைக்கு வேண்டாம்” என்று திருப்பி அனுப்ப அவருக்கு அதிகாரமும் வேண்டும். விடுமுறைக் கூட்டம் வருவதற்கு முன், மார்ச் முடிவதற்குள் இவை தயாராக வேண்டும்.

வளையத்தோடு கட்டும் கயிற்றில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். முட்டத்துப் பாறை உயரமானது. விழுந்தவரை இழுப்பு கொஞ்ச தூரம் கொண்டும் போயிருக்கும். கயிறு 30 மீட்டராவது இருந்தால்தான் வளையம் அவர் கைக்குப் போய்ச் சேரும்.